சில்லறைத் தள்ளுபடி

தாய் செத்தால் நாலு விநாடி. தகப்பனுக்கு மூன்றரை. மனைவிக்கு நாலேகால், கணவனுக்கு நாலு. அந்தக் கால் விநாடி வித்தியாசத்துக்காக மாதர் சங்கம் இரண்டு நாள் ஊர்வலம் போனது. பெற்ற பிள்ளைக்கு ஒன்பது. கீழைக்கரைக் குடியரசின் துக்கப் பட்டியலில் அதைவிட விலை உயர்ந்த இனம் கிடையாது.

விலை என்றால் காசு இல்லை. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அந்த வீட்டுத் துக்கத்தை அரசாங்கம் மொத்தமாக எடுத்துக்கொண்டு, நாட்டின் நாற்பது லட்சம் பேருக்கும் சரிசமமாகப் பங்கு வைக்கும். பிள்ளை செத்தால் ஆளுக்கு ஒன்பது விநாடி. பெற்றவளுக்கும் ஒன்பது, எங்கோ பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவனுக்கும் ஒன்பது. இதற்காக எல்லார் காதிலும் மிளகளவில் ஒரு கருவி பதித்திருந்தது. அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் இரண்டு வரி நீளம். ஜனங்கள் கடுக்கன் என்றார்கள்.

மாலை ஆறு மணிக்குச் சங்கு ஊதும். அன்றைய சாவுகளின் பங்கெல்லாம் சேர்ந்து இறங்கும். தராசு பிடித்தவன் பிடித்தபடி நிற்பான், பையை நீட்டியவள் நீட்டியபடி நிற்பாள். ஆறு நிமிடம் எல்லாக் கண்ணும் ஒழுகும். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேரம் தொடரும். அந்த ஆறு நிமிடத்தில் எடைத்தட்டில் விரல் வைக்கிற கடைக்காரர்களும் உண்டு. அழுதுகொண்டேதான் வைப்பார்கள்.

இந்தப் பட்டியலைப் போட்டவர் தவசிலிங்கம். தலைமை மதிப்பீட்டாளர் என்பது உத்தியோகப் பெயர். பிறவியில் மாட்டுத்தரகர் மகன். முப்பது வருஷத்துக்கு முன்பு, சந்தையில் தோளில் துண்டோடு நின்றவரைத் தேடிவந்து இந்த நாற்காலியில் உட்கார வைத்தவர் பிரதமர் சவரிராயன்.

சவரிராயன் உப்பளத்தில் உப்பு வாரியவர். ஒரு புயல் நாளில் முதலாளி வேலையை நிறுத்தாததால் கரை உடைந்து நாற்பத்தோரு பேர் செத்தார்கள். மூன்றாம் நாள் அந்த நாற்பத்தோரு வீட்டுப் பெண்களும் பாத்திக்குள் உப்பு வாரும் பலகையோடு நின்றார்கள். வராவிட்டால் கூலி இல்லை. அதே வாரம் முதலாளி வீட்டுக் கிழவர் எண்பத்தெட்டு வயதில் காலமானார். அவர்கள் பதினாறு நாள் கடையடைத்துத் துக்கம் கொண்டாடினார்கள். சவரிராயன் அன்றைக்குப் பாத்தி வரப்பில் ஏறிநின்று ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார். நிலத்தைப் பங்கு வைக்கணும், உப்பளத்தைப் பங்கு வைக்கணும், எல்லாம் சரி. அதற்கு முந்தி அழுகையைப் பங்கு வைக்கணும். பணக்காரனுக்கு அழுவதற்கு நேரம் இருக்கிறது, இவளுக்கு இல்லை. இது என்ன நியாயம்?

அந்தக் கேள்வி உப்பளம் உப்பளமாகப் பரவியது. பன்னிரண்டு வருஷத்தில் உப்பு சங்கத் தலைவர் பிரதமர் ஆனார். நிலமும் உப்பளமும் பங்கு வைக்கப்பட்டன. கடுக்கனும் வந்தது.

பட்டியல் போட்ட நாள் தவசிலிங்கத்துக்கு நன்றாக நினைவிருக்கிறது. மேஜையைச் சுற்றி டாக்டர்களும் பேராசிரியர்களும் ஒரு வாரம் கத்தி ஓய்ந்த பிறகு, பிரதமர் அவர்களை வெளியே அனுப்பிவிட்டு இவருடைய தோள்துண்டை உருவி இருவர் கைமேலும் போட்டார். சந்தையில் மாட்டுக்கு விலை பேசுவது அப்படித்தான். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துக் காட்டினால் சுற்றி நிற்கிறவனுக்கு விலை தெரியாது. வேண்டாம் என்றால் விரலை மடக்கிக்கொள்ள வேண்டும். படிந்தால் கையோடு சேர்த்து இறுக்க வேண்டும். தாய், தகப்பன், பிள்ளை என்று பிரதமர் வாயால் சொல்வார், இவர் விரலால் சொல்வார். ஒன்பதில் மட்டும் பிரதமர் கொஞ்ச நேரம் யோசித்தார். ஒன்பது விநாடியை நாற்பது லட்சத்தால் பெருக்கினால் பத்தாயிரம் மணி நேரம். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அழுவதையெல்லாம் இடைவெளி விடாமல் கோத்துப்போட்டால் அவ்வளவு வருமா என்று கேட்டார். வரும் என்றார் தவசிலிங்கம். அப்போது அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை.

தினசரிக் கணக்கில் ஒரு தொல்லை இருந்தது. ஒரு நாள் ஆறு நிமிடம் பதினொரு விநாடி வரும், ஒரு நாள் ஆறு நிமிடம் முப்பத்தேழு வரும். தவசிலிங்கம் தகப்பனார் காலத்து வழக்கத்தைச் சொன்னார். ஆயிரத்துப் பதினேழுக்கு மாடு படிந்தால் பதினேழை யாரும் கேட்பதில்லை. அதுதான் மரியாதை.

"சில்லறையத் தள்ளிருவோம்யா. ஆறு நிமிசம்னா ஆறு நிமிசம். ரவுண்டா இருக்கட்டும்."

"தள்ளுனா அது யார் தலைல விழும்வே?" என்று கேட்டார் பிரதமர்.

"தள்ளுபடிய்யா. அது யார் தலைலயும் விழாது."

பிரதமர் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

முதல் பத்து வருஷம் ஜனங்கள் சவரிராயன் படத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். தாலி அறுத்தவள் பத்தாம் நாள் வேலைக்குப் போய்ப் பக்கத்து இருக்கைக்காரியோடு சினிமா பேசினாள். சாராயக்கடைகள் ஆள் இல்லாமல் மூடின. தூக்குக்கயிறு தேடினவர்கள் குறைந்தார்கள். பிரதமர் மட்டும் அந்த வருஷங்களில் மெலிந்துகொண்டே போனார். கறுப்புக் கண்ணாடி போட்டார். எந்தச் சாவு வீட்டிலும் முகம் அசையாமல் நிற்பார். எதிர்க்கட்சிக்காரர்கள் உப்புப் பொம்மை என்று பெயர் வைத்தார்கள்.

அப்புறம்தான் சாவு மலிந்தது. யாரும் சதி செய்யவில்லை. ஆலையில் ஆள் செத்தால் முன்பெல்லாம் வாசலில் ஒப்பாரி கேட்கும், மேலாளர் பின்வாசல் வழியாக ஓடுவார். இப்போது யாரும் வாசலுக்கு வரவில்லை. வராத இடத்தில் எதற்குக் கம்பி வேலி, எதற்குப் புதுக் கொதிகலன்? பாலத்தில் விரிசல் என்று மனு வந்தால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று எழுதினார்கள். ஒரு நாளைக்கு எழுபத்தேழு சாவு இருந்த நாட்டில் நூற்றெழுபது ஆனது. ஆறு நிமிடம் பதின்மூன்றரை நிமிடமாகியிருக்க வேண்டும். ஆனால் ஆறு நிமிடம் என்பது கட்சியின் வாக்குறுதி, சுவரெல்லாம் எழுதியிருந்தது. எனவே தவசிலிங்கம் விலையைக் குறைத்தார். தாய் ஒன்றரை. பிள்ளை இரண்டு. மிச்சம் தள்ளுபடி.

அந்தக் கையெழுத்தின் மை காய்ந்து எட்டாவது மாதம், பள்ளி பஸ்ஸோடு ஒரு பாலம் ஆற்றில் இறங்கியது. அதில் தவசிலிங்கத்தின் மகள் முத்தெழில் இருந்தாள். பதினொரு வயது. பல் கம்பி போட்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

ஆறு மணிக்குச் சங்கு ஊதியது. முத்தெழிலுக்கு இரண்டு விநாடி இறங்கியது. தவசிலிங்கமும் மனைவி பாக்கியத்தாயும் எல்லாரையும்போல அழுதார்கள், எல்லாரையும்போல நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு இன்றுவரை பதினோரு வருஷமாக அந்த வீட்டில் அவளைப் பற்றிப் பேச்சு வந்தால், மாற்றலாகிப் போன பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல வரும், போகும். ஒரே ஒருமுறை பாக்கியத்தாய் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள். "அன்னைக்கு அழுது முடிச்சதும் நீங்க தோசை கேட்டிய. நானும் சுட்டுத் தந்தேன். நாலு தோசை." குறையாகச் சொல்லவில்லை. எண்ணிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் அன்றிலிருந்து தவசிலிங்கம் தோசை சாப்பிடுவதில்லை. ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. அங்கே ஏதோ இருந்திருக்க வேண்டும், இல்லை என்பது மட்டும் தெரிந்தது. பல் விழுந்த இடத்தை நாக்கு தடவுவதுபோல.

பிரதமர் சாகக் கிடக்கிறார் என்று ஒரு பிற்பகல் மூன்றரை மணிக்கு அவருக்கு ஆள் வந்தது.

அரசு மருத்துவமனையின் மூன்றாம் மாடி வராந்தாவில் குருபாதம் நின்றிருந்தார். துணைப் பிரதமர், நாளைக்குப் பிரதமர். உடம்பிலிருந்து பன்னீர் வாசனை வந்தது. அவருக்குப் பக்கத்தில் கடுக்கன் துறைப் பொறியாளர் மெர்சி தங்கம், கையில் ஒரு தாளோடு. ஐம்பது வயது இருக்கும், நாள் கணக்கில் தூங்காத முகம்.

குருபாதம் நல்ல பேச்சோடு ஆரம்பித்தார். தலைவரின் சாவுக்கு நாடே ஒரு மணி நேரம் அழ வேண்டும், பட்டியலில் புது இனம் சேர்க்க வேண்டும் என்றார். அதை அப்புறம் பார்க்கலாம், முதலில் இந்தத் தாளில் அண்ணாச்சி ஒரு கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான் என்றார். தாளில் "முழுத் தள்ளுபடி" என்று எழுதியிருந்தது. எதைத் தள்ளுபடி செய்கிறோம் என்று தவசிலிங்கம் கேட்டார். தரகர் வீட்டில் பிறந்தவன் சரக்கைப் பார்க்காமல் கைநீட்ட மாட்டான்.

மெர்சி தங்கம் குருபாதத்தைப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அண்ணாச்சி, நீங்க தினம் தள்ளுன சில்லறை எங்க போச்சுன்னு நினைச்சிய?"

"எங்கயும் போகல. தள்ளுபடி."

"பணத்தைத் தள்ளலாம். இதத் தள்ள முடியாது. ஒரு காதுல இருந்து எடுத்தா இன்னொரு காதுல விட்டுத்தான் ஆகணும். முத நாளே அய்யாட்டச் சொன்னேன். ஒரு நிமிசம் யோசிச்சாவ. என் காதுல விடு, தரகர்ட்டச் சொல்லாதன்னாவ."

தவசிலிங்கம் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்.

அவள் மெதுவாக, சலிப்போடு, நூறுமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தவள்போலச் சொல்லிக்கொண்டு போனாள். முதலில் நாளுக்குப் பதினொரு விநாடி, முப்பது விநாடி. நாற்பது லட்சம் பேருடைய சில்லறை ஒருவர் காதில். பிறகு விலையைக் குறைத்தபோது மூட்டை மூட்டையாக வந்தது. அய்யா இருபது வருஷமாக ஒழுங்காகத் தூங்கியதில்லை. கண்ணாடிக்குப் பின்னால் எப்போதும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. அப்படியும் அவர் அழுது தீர்த்தது ஒரு கைப்பிடி. மிச்சமெல்லாம் அந்தக் கடுக்கனுக்குள் அப்படியே கிடக்கிறது. யாருடையது எது என்ற பெயரோடு.

"அவிய போய்ட்டா?"

"கையெழுத்து இருந்தா அவரோட அழிஞ்சிரும். இல்லைன்னா நெஞ்சு நின்னதும் உரியவங்களுக்கே திரும்பிப் போகும். அய்யா போட்ட விதிதான் அது. தள்ளுனவன் கையெழுத்து இல்லாம அழிக்கக் கூடாதுன்னு எழுதியிருக்காவ."

"எங்க வீட்டுது எவ்வளவு கிடக்கு?"

அவளுக்கு அது மனப்பாடமாக இருந்தது. "ஒம்பதுல ரெண்டு போக ஏழு. ஏழு விநாடி, நாப்பது லட்சம் பேருக்கு. முந்நூத்து இருபத்துநாலு நாள்."

குருபாதம் திரும்பினார். சராசரியாக ஆளுக்கு இருபத்தைந்து நாள் துக்கம் மொத்தமாக வந்து இறங்கினால் ஆலை ஓடுமா, ரயில் ஓடுமா என்று கேட்டார். தலைவர் சிலையை ஒன்றுவிடாமல் உடைப்பார்கள் என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அண்ணாச்சி இதே நாற்காலியில் இன்னும் பத்து வருஷம் இருக்கலாம் என்றும் சொன்னார். அதிலும் பொய் இல்லை.

"உங்களுக்கு இப்ப வலிக்கா அண்ணாச்சி? இல்லல்லா? வலிக்காத இடத்த எதுக்குக் கீறிக்கிடணும்?"

தவசிலிங்கம் தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அய்யாவை ஒருதடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்றார்.

உள்ளே சவரிராயன் உடம்பு ஒரு சிறுவனுடையதுபோல ஒடுங்கிக் கிடந்தது. வாயில் குழாய். கண்ணாடி இல்லாமல் அந்த முகத்தை இவர் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கண்ணோரத்திலிருந்து காதுவரை இரண்டு பக்கமும் வெள்ளைத் தடம். தண்ணீர் ஓடி ஓடி உப்பு பூத்திருந்தது. பாத்தி வரப்பில் பார்ப்பதுபோல.

தவசிலிங்கத்துக்குக் கோபம் வர வேண்டும், அல்லது கும்பிடத் தோன்ற வேண்டும். இரண்டும் வரவில்லை. கணக்குத்தான் ஓடியது. இந்த மனிதர் ஊரில் ஒருவனிடமும் சொல்லாமல் எல்லார் அழுகையையும் வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறார். தியாகம்தான். உப்பைப் பதுக்கினவனை ஆறு மாதம் உள்ளே தள்ளியவரும் இவர்தான். சரக்கு கடைக்கு வராததால் யாருக்கும் அதன் விலை தெரியவில்லை. விலை தெரியாததால் பாலத்தைப் பூச ஆள் வரவில்லை. சில்லறையைத் தள்ளச் சொன்ன வாய் மட்டும் பிரதமருடையது அல்ல, தன்னுடையது.

தோளிலிருந்த துண்டை எடுத்துப் பிரதமரின் வலது கைமேல் போட்டு, அதற்கடியில் தன் கையை நுழைத்தார். கண்கள் திறந்தன. ஆள் தெரிந்தது.

தவசிலிங்கம் அந்த உள்ளங்கையில் ஐந்து விரல் அழுத்தினார், பிறகு இரண்டு. ஏழு.

பிரதமரின் கை மூடிக்கொண்டது. கொடுப்பதற்கில்லை.

மறுபடியும் ஏழு. கை மூடியே இருந்தது. வாங்கி வைத்ததைக் கடைசிவரை தானே கொண்டுபோய்விட வேண்டும் என்று ஒரு பிடிவாதம். தவசிலிங்கம் சந்தையில் இந்த மாதிரி ஆட்களைப் பார்த்திருக்கிறார். மாடு விழுந்துகொண்டிருக்கும், கயிற்றை விடமாட்டார்கள்.

"அய்யா, எம் புள்ள அது," என்றார். சத்தமில்லாமல்தான் சொன்னார். "எனக்குத் தாரும்."

பிறகு துண்டுக்கு அடியில் ஒரு விரல் விரிந்தது. இன்னொன்று. இரண்டு. சாகும்போதும் பேரம். தவசிலிங்கம் ஏழையே அழுத்தினார். வெளியே குருபாதம் கதவைத் தட்டினார், ஒருதரம் மெதுவாக, ஒருதரம் பலமாக. தவசிலிங்கம் பேனாவைத் தொடவில்லை. கையை எடுக்கவும் இல்லை. அவர் வாழ்க்கையில் செய்த ஒரே பெரிய காரியம், அந்த நாற்பது நிமிடம் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்ததுதான்.

ஐந்து நாற்பத்தெட்டுக்கு அந்தக் கை இவருடைய கையை மொத்தமாகச் சேர்த்து இறுக்கிப் பிடித்தது. பிறகு தளர்ந்தது. பேரம் படிந்த பிடியா, உயிர் போகிற பிடியா, தெரியாது. தரகன் மகன் படிந்ததாகத்தான் எடுத்துக்கொள்வான்.

வெளியே வந்து கையெழுத்தில்லாத தாளைக் குருபாதத்திடம் கொடுத்தார். அவர் அதை வாங்கிக்கொண்டு அதே பெஞ்சில் உட்கார்ந்தார். அவருக்கும் ஒரு தம்பி இருந்தானாம், ஆலைக் கொதிகலனில் போனவன். மெர்சி தங்கம் பின்னால் வந்து சொன்னாள். "ஆறு மணிப் பங்கு முடிஞ்சதும் பழையதுல இருந்து வரிசையா இறங்கும் அண்ணாச்சி. உங்க வருசம் வர ஏழரை ஆகும். வீட்டுக்குப் போங்க."

ஆறு மணிச் சங்கு ஊதியபோது அவர் கடைத்தெருவில் இருந்தார். எல்லாரும் வழக்கம்போல நின்றார்கள். ஆறு நிமிடம் ஆனது. கோழிக்கடைக்காரர் கத்தியை எடுக்கவில்லை. மேஜைமேல் கைவைத்து, "எண்ணே" என்று யாரையோ கூப்பிட்டார். எதிரில் பழவண்டிக்காரி தரையில் உட்கார்ந்து, இருபது வருஷத்துக்கு முந்திய ஒரு பெயரை, நேற்றுப்போல, திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. முதல்முறையாகத் தெருவில் ஆளுக்கொரு விதமாக அழுதார்கள். தவசிலிங்கம் பழங்களைச் சாக்கால் மூடிவிட்டு நடந்தார்.

வீட்டில் பாக்கியத்தாய் அடுப்படியில் இருந்தாள். கல்லில் எண்ணெய் தடவியிருந்தது. அவர் மணியைப் பார்த்தார். ஏழு பத்து. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். விலையைக் குறைத்தது தன் கை என்பதையும் சேர்த்து. அதை அவள் அறிந்திருந்தாளோ என்னவோ, முகம் மாறவில்லை. அடுப்பை அணைத்தாள். கல்லை இறக்கி வைத்தாள்.

"எவ்வளவு?" என்றாள்.

"முந்நூத்து இருபத்துநாலு நாள். ஆளுக்குப் பாதின்னா நூத்து அறுபத்திரெண்டு."

அவள் முந்தானையை உதறித் தரையில் உட்கார்ந்து, அவரையும் எதிரில் உட்காரச் சொன்னாள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு பேர் கைமேலும் போட்டாள். வீட்டில் அந்தப் பேரம் அவர்கள் பேசியதே இல்லை. அவளுக்கு இந்த விரல் கணக்கு தெரியும் என்பதுகூட அவருக்குத் தெரியாது.

அவள் இரண்டு விரலை அழுத்தினாள். இருநூறு.

அவர் விரலை மடக்கிக்கொண்டார். அவ்வளவு உனக்கு வேண்டாம், பட்டியலைப் போட்டவன் நான், இருநூறு என் பக்கம் இருக்கட்டும் என்றார்.

"பத்து மாசம் சுமந்தது நீங்களா?" என்றாள். சண்டைக்குரலில்லை. கடைக்காரனிடம் எடையைத் திருத்தச் சொல்கிற குரல்.

உனக்கு நூற்றெண்பது என்று பேசிப் பார்த்தார். அவள் இரண்டு விரலையே அழுத்திக்கொண்டிருந்தாள். மணி ஏழு இருபத்தாறு. அவர் அவள் கையைச் சேர்த்து இறுக்கினார்.

பாக்கியத்தாய் பேரில் இருநூறு நாள். தவசிலிங்கம் பேரில் நூற்று இருபத்துநாலு. ஆக முந்நூற்று இருபத்துநாலு. சில்லறை ஒரு மணி நேரம் நாற்பத்தாறு நிமிடம் நாற்பது விநாடி. அதை இந்தமுறை யாரும் தள்ளவில்லை. இதுவரை கட்டியது, ஒன்றுமில்லை.